எக்கோவின் இடது காது

மன்னார்குடியில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் யாருக்காவது காது ஒழுங்காகக் கேட்டால், அவர் புதிதாகக் குடிவந்தவர் என்று அர்த்தம். ஆறு மாதம் போனால் அவரும் சரியாகிவிடுவார். தண்ணீரையோ காற்றையோ குறை சொல்ல முடியாது. எல்லாம் ஒரே ஒரு மனிதரின் கைங்கரியம். அவர் பெயர் மைக்செட்டு.

பெற்றவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அது தெரிந்தவர்கள் தெருவில் யாரும் இல்லை. ஒருமுறை கூரியர்காரர் ஒருவர் பார்சலில் இருந்த பெயரைச் சொல்லித் தெரு முழுக்க அலைந்துவிட்டு, கடைசியில் அவரிடமே போய் விசாரித்தார். அவர் சற்று யோசித்துவிட்டு, "இங்க யாரும் இல்லங்க" என்று அனுப்பிவிட்டார். அவர் மனைவி பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்சலை வாங்கிவந்தார். அந்த அம்மாளுக்குத் தெரு வைத்திருந்த பெயர் மைக்செட்டம்மா.

நான் அப்போது அங்கே ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மைக்செட்டு வீட்டுக்கு எதிர்வீட்டு மாடியில் தனியாக வாடகைக்கு இருந்தேன். வீட்டைக் காட்டும்போது வீட்டுக்காரர், "நல்லா காத்து வரும், தண்ணி வரும்" என்றார். எதிர்வீட்டிலிருந்து என்ன வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி வைப்பது அவர் தொழில். வேலை இல்லாத நாட்களில் கை மறந்துவிடக் கூடாது என்று தெருவுக்கு வைப்பார். அவர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஒலிபெருக்கிக் குழாய் எங்கள் எல்லாருடைய வாழ்க்கையையும் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கும். தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. அதில் யாரும் எதையும் போட மாட்டார்கள். போடுவதற்குள் மைக்செட்டு சொல்லிவிடுவார். தண்ணீர் லாரி வந்தது, ரேஷனில் பருப்பு வந்தது, நெல் கொள்முதல் நிலையம் திறந்தது, மூன்றாம் வீட்டு மருமகள் பிரசவத்துக்குப் போனாள், எல்லாம் குழாயில் வந்துவிடும்.

இதில் அவருக்கு எக்கோ என்கிற எதிரொலி மீது தீராத மோகம். ஆம்ப்ளிஃபயரில் அந்தத் திருகைக் கடைசி வரை திருகி வைத்திருப்பார். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தது. மைக்செட்டம்மாவிடம் கொஞ்சம் ரசம் கேட்டேன், அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் குழாய் கனைத்தது.

"எதிர்வீட்டு மாடி மேடத்துக்கு... மேடத்துக்கு... மேடத்துக்கு... ஒடம்பு சரியில்ல... இல்ல... இல்ல. யாரும் போயித் தொந்தரவு பண்ண வேண்டாம்... வேண்டாம்... வேண்டாம்."

அன்று மாலைக்குள் தெருவே மாடி ஏறி வந்து தொந்தரவு பண்ணிவிட்டுப் போனது. எத்தனை வீட்டு ரசம் குடித்தேன் என்று எனக்கே நினைவில்லை.

இவ்வளவு செய்த மனிதர் மீது தெருவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், தொழிலில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மற்ற செட்டுக்காரர்கள் வைத்தால் கூட்டத்தில் பாதி நேரம் 'ஊய்ங்' என்று விசில் அடிக்கும். பேசுகிறவர் என்ன பேசினார் என்பது அவருடைய மனசாட்சிக்குத்தான் தெரியும். மைக்செட்டு வைத்தால் விசில் கிளம்புகிற நொடியிலேயே கை திருகுக்குப் போய்விடும். மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே தரையில் படுத்திருக்கும் நாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியே கை மட்டும் நீளும்.

"அவரு காதுக்குக் கோயிலே கட்டலாங்க" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் தெரு மாரியம்மன் கோயில் விழாக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். வேறு எந்த வேலையும் அவருக்கு இல்லாததால் அவரையும் பதவியால்தான் அழைத்தோம்.

நாயின் பெயரும் எக்கோதான். ஒரு கல்யாண மண்டபத்தில், ஆம்ப்ளிஃபயர் மேல் சூடாக இருக்கிறதென்று ஒரு குட்டி ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டதாம். எழுப்ப மனமில்லாமல் ஆம்ப்ளிஃபயரோடு வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார். நான் பார்த்தபோது அது வளர்ந்த செவலை நாய். விறைத்து நிமிர்ந்த இரண்டு காதுகள். உடம்பில் மற்றதெல்லாம் அந்தக் காதுகளுக்குத் துணையாகச் சேர்த்துவைத்தது போல இருக்கும். மைக்செட்டு எங்கே போனாலும் அது கூடப் போகும். சாவு வீட்டுக்குப் போனால்கூட ஆட்டோவில் அவருக்கு முன்னால் அதுதான் ஏறும்.

ஆடி மாதம். கடைசி வெள்ளிக்கிழமை கோயிலில் கஞ்சி வார்க்க இன்னும் பத்து நாள் இருந்தது. மீன்காரம்மா தெருவுக்கு வந்தபோது, வழக்கம்போல எக்கோவும் ஒரு சாம்பல் பூனையும் வண்டியின் இரண்டு பக்கமும் ஆஜராயின. நடுவில் ஒரு மத்தி தவறி விழுந்தது. மத்தி பூனைக்குப் போனது. எக்கோவுக்கு இடது காது நுனியில் ஒரு கிழிசல் கிடைத்தது.

கிழிசல் என்னவோ கொத்தமல்லி இலை அளவுதான். ஆனால் காது நுனியில் ரத்தம் வர ஆரம்பித்தால் லேசில் நிற்காது. அது மட்டுமா, நாய்க்குக் காதில் ஏதாவது ஒட்டியிருந்தால் தலையை உதறத் தோன்றும். எக்கோ உதறியது. செயலாளர் வீட்டுச் சுவர் பக்கமாக நின்று உதறியது. அந்தச் சுவருக்குத்தான் அவர் முந்தைய நாள் ஆடிக்கென்று சந்தன நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தார்.

"யோவ் மைக்செட்டு! ஒன் நாயி என் செவுத்துல குங்குமம் வச்சிட்டுய்யா!"

மைக்செட்டு உள்ளே போனார். மருந்து எடுத்துவரப் போகிறார் என்று நினைத்தேன். மொட்டைமாடிக் குழாய் கனைத்தது.

"நமது எக்கோவின்... எக்கோவின்... எக்கோவின்... இடது காதில் காயம்... காயம்... காயம். வைத்தியம் தெரிந்தவர்கள் உடனே வரவும்... வரவும்... வரவும்."

எங்கள் தெருவில் வைத்தியம் தெரியாதவர்கள் கிடையாது. ஒருவர் காப்பித் தூளோடு வந்தார். ஒருவர் மஞ்சளோடு வந்தார். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொண்டு ஒருவர். மூக்குப்பொடி வைத்தால் நிற்கும் என்று ஒரு பெரியவர் டப்பாவையே திறந்துவிட்டார். எக்கோ தும்மியது. தும்மியதில் மறுபடி தலை ஆடியது. சுவருக்கு இன்னொரு வரிசைப் பொட்டு.

என்னிடம் படித்த பெண் ஒருத்தியின் அண்ணன் கால்நடை டாக்டர். அவருக்குப் போன் போட்டுப் படமும் அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"சின்னக் கிழிசல்தான் மேடம், தையல் தேவயில்ல. சுத்தமான துணிய வச்சு அழுத்திப் புடிங்க. சும்மா சும்மா எடுத்துப் பாக்காதீங்க. ரத்தம் நின்னதும் உப்புப் போட்டுக் காய்ச்சி ஆற வச்ச தண்ணியில தொடச்சிட்டு, காத மடிச்சுத் தலயோட சேத்துக் கட்டிடுங்க. காது ஆடக் கூடாது, அதான் வைத்தியம். காப்பித் தூளு, மஞ்சளு எதுவும் வேணாம். காது பலூன் மாதிரி வீங்குனாலோ நாத்தம் அடிச்சாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க."

காப்பித் தூளோடு வந்தவர் என்னை முறைத்துவிட்டுப் போய்க் காப்பி போட்டுக்கொண்டார்.

மைக்செட்டம்மா நாயை மடியில் இறுக்கிக்கொள்ள, நான் துணியால் அழுத்திக்கொண்டிருந்தேன். மைக்செட்டு எதிரே குந்தி உட்கார்ந்து காதையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கு ஒருமுறை, "நின்னுடுச்சா? எடுத்துப் பாருங்களேன்" என்பார். எடுத்துப் பார்த்தால் மறுபடி கசியும். கடைசியில் மைக்செட்டம்மா, "போயி எதயாச்சும் அறிவிச்சிட்டு வாங்க" என்று துரத்தியதும்தான் ரத்தம் நின்றது. துடைத்து, மடித்து, வலது காதை வெளியே விட்டுத் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டோம்.

மறுநாள் காலையில் கட்டு நாயின் கழுத்தில் மாலையாகத் தொங்கியது. பின்னங்காலால் சொறிந்து தள்ளிவிட்டிருந்தது. டாக்டரைக் கேட்டேன். கால் எட்டாதபடி கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி ஒன்றை மாட்டிவிடலாம், கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கும் என்றார்.

"கடைக்கு எதுக்குங்க? புனல்தான வேணும்?" என்றார் மைக்செட்டு. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

விளம்பர ஆட்டோவில் கட்டுகிற பழைய சின்னக் குழாய் ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்து, ஓரத்துக்கு சைக்கிள் டியூப் சுற்றி, எக்கோவின் கழுத்தில் மாட்டினார். அலுமினியம். நாய் ஏதோ பரிசு வாங்கியது போல அசையாமல் நின்றது. அந்த நேரம் பார்த்துச் சாம்பல் பூனை மதில் மேல் நடந்துபோனது. எக்கோ ஒரே ஒரு தடவை குரைத்தது.

அந்தக் குரைப்பைப் பற்றி என்னால் எழுத மட்டும்தான் முடியும், விளக்க முடியாது. பூனை மதிலிலிருந்து அந்தப் பக்கம் விழுந்தது. செயலாளர் கையிலிருந்த காப்பி டம்ளர் விழுந்தது. குரைத்த நாய்க்கே அது தன் குரல் என்று தெரியவில்லை. பெரிய நாய் எதுவோ பின்னால் நிற்கிறதென்று நினைத்து ஆட்டோவுக்கு அடியில் பாய்ந்தது. குழாய் மாட்டிக்கொண்டது. பயத்தில் இன்னொரு தடவை குரைத்தது. ஆட்டோவையே மைக்செட்டும் நானும் பக்கவாட்டில் தூக்கித்தான் அதை விடுவித்தோம். காதில் மறுபடி ரத்தம். சுவரில் மறுபடி பொட்டு.

இந்தமுறை செயலாளர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. மெல்ல நடந்து வந்து, மைக்செட்டின் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இன்னொரு பொட்டு விழட்டும். ஆடிக் கஞ்சிக்கு ஒன் செட்டு கெடயாது. டவுன்ல டிஜே செட்டுக்காரன் போன் நம்பரு வச்சிருக்கேன். பாத்துக்க."

மைக்செட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்யாணங்கள் எத்தனையோ கைவிட்டுப் போனபோது துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனவர் அவர். ஆனால் மாரியம்மன் கோயில் செட்டு வேறு விஷயம். அவர் தொழில் ஆரம்பித்ததே அந்தக் கோயிலில்தான். அதைக் கொடுக்கவில்லை என்றால் ஊரில் யாரும் அவரை நம்பிச் செட்டு கேட்க மாட்டார்கள். அதைவிட, அந்தத் தெருவில் அவர் மைக்செட்டாக இருக்க முடியாது. வேறு பெயரும் அவருக்கு இல்லை.

டாக்டர் கடைசியாக ஒரு வழி சொன்னார். பழைய டீ-ஷர்ட்டின் கையை வெட்டி, தலை வழியாக மாட்டி, இரண்டு காதையும் சேர்த்து மூடிவிட வேண்டும். மூச்சுக்கும் வாய்க்கும் தடை இல்லாமல், உள்ளே இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். தினமும் கழற்றிப் பார்த்துத் துடைத்துவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். போன வருட விழாக் குழுவின் மஞ்சள் டீ-ஷர்ட் கை கச்சிதமாக இருந்தது. மார்கழிப் பனிக்கு மப்ளர் கட்டிய ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் மாதிரி எக்கோ தெருவில் உலாப் போனது. தலையை உதறவில்லை. சுவரும் பிழைத்தது.

இப்போது ஒரு புது வியாதி ஆரம்பித்தது. நான் காலையில் சரியாக மாட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போவேன். மாலையில் வந்து பார்த்தால் டீ-ஷர்ட் கையில் வலதுபக்கம் வட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக எக்கோவின் வலது காது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

"யாருண்ணே வெட்டுனது?"

மைக்செட்டு வானத்தைப் பார்த்தார். மைக்செட்டம்மா அவரைப் பார்த்தார்.

"ஒரு காதாவது வெளியில இருக்கட்டுமேங்க" என்றார் கடைசியில். "பாவம், நாயிக்கு மூச்சு முட்டும்ல."

"மூச்சு காது வழியாவாண்ணே விடுது?"

அவர் மறுபடி வானத்தைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் இன்னொரு கையையும் வெட்டி மாட்டினேன். மறுநாள் அதிலும் ஓட்டை. ஓட்டை வழியாகக் காதை ஆட்டி ஆட்டி, உறை முழுவதும் நழுவி, காயம் மறுபடி திறந்துகொண்டது. நல்லவேளை, அப்போது நாய் செயலாளர் சுவர் பக்கம் இல்லை. விழாக் குழு டீ-ஷர்ட்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. படிக்காதவர் என்றாலும் விவரமான மனிதர், ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. வகுப்பில் பகுத்தறிவுள்ள நுகர்வோரைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டில் இது நடக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் எனக்கு விடை கிடைத்தது. மைக்செட்டு தெரு நடுவில் நின்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எக்கோ இரண்டு காதும் மூடிய நிலையில் வாசற்படியில் தூங்கிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது. அவர் வயரைச் சுருட்டினார். லாரி இன்னும் நெருங்கி வந்து, காது கிழிகிற மாதிரி விடாமல் அடித்தது. அவர் சுருட்டி முடித்த வயரைத் திருப்தியாகப் பார்த்துவிட்டு அடுத்த வயரை எடுத்தார். டிரைவர் இறங்கி வருவதற்குள் மைக்செட்டம்மா ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். இழுத்த பிறகுதான் லாரியையே அவர் பார்த்தார்.

எனக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கூரியர்காரர். நாம் கேட்பதற்கு அவர் சொல்லும் சம்பந்தமில்லாத பதில்கள். ஆம்ப்ளிஃபயரின் எக்கோ திருகை உச்சத்தில் வைப்பது. செட்டு வைக்கும்போதெல்லாம் மேடையைப் பார்க்காமல் நாயையே பார்த்துக்கொண்டிருப்பது. விசில் கிளம்பினால் எக்கோவின் காது பின்னால் மடங்கும், அவர் கை திருகுக்குப் போகும். சத்தம் போதவில்லை என்றால் காது முன்னால் குவியும், கை இன்னொரு திருகுக்குப் போகும். கோயில் கட்டலாம் என்று செயலாளர் சொன்ன காது நாயினுடையது.

மைக்செட்டம்மா அன்று மாலை, என் மாடிக் கொடியில் உலர்த்தியிருந்த தன் துணிகளை எடுக்க வந்தார். நான் கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"எனக்குத் தெரியும் டீச்சர். நாலஞ்சு வருசமாவே அப்புடித்தான். எனக்குத் தெரியுங்குறது அவருக்குத் தெரியாது."

"மிஷின் வச்சுக்கலாமே அக்கா?"

"காதுல மிஷின் வச்ச மைக்செட்டுக்காரன எவன் டீச்சர் கூப்புடுவான்? மொதல்ல அந்த நாயி வேணாம்னு சண்ட போட்டவளே நான்தான். அப்புறம்தான் பாத்தேன், வாசல்ல ஆளு வந்தா நாயோட காதப் பாத்துத்தான் 'வாங்க'ங்குறாரு. அன்னேலேருந்து அதுக்குப் பால்சோறு." கொடியிலிருந்து ஒரு புடவையை உருவி மடித்தார். "வெள்ளிக்கெழம என்னாவப் போவுதோ தெரியல. காத மூடி வச்சா இவரு மானம் போவும். தொறந்து விட்டா அது காது போவும்."

வெள்ளிக்கிழமை காலை ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டு முற்றத்தில் மைக்செட்டு வெள்ளை வேட்டியோடு எக்கோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் கத்தரி. உறையைக் கழற்றிக் காயத்தைப் பார்த்தார். பொருக்குக் கட்டியிருந்தது, ஆனால் ஓரம் இன்னும் சிவப்பு. எக்கோவுக்குக் காற்றுப் பட்டதும் சுகமாக இருந்திருக்க வேண்டும், தலையை உதறக் கழுத்தைச் சாய்த்தது. சட்டென்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, நான் காட்டிக்கொடுத்தது போலவே ஓரத்திலிருந்து மெல்லத் துடைத்து, காதை மடித்து, உறையை மாட்டிவிட்டார். இரண்டு விரலை உள்ளே விட்டுத் தளர்வு சரிபார்த்தார். ஓட்டை போடவில்லை.

ஜன்னலை மெல்லச் சாத்தினேன். அதற்காக அவரைச் சும்மா விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர் வெட்டிப் பாழாக்கியவற்றில் ஒன்று என் டீ-ஷர்ட்.

கோயிலில் கூட்டம் நெரித்தது. அண்டா அண்டாவாகக் கஞ்சி. நான் வரிசையில் நின்று என் தூக்கிலும் மைக்செட்டம்மாவின் தூக்கிலும் வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் சுடச்சுடத் தொங்க, ஆம்ப்ளிஃபயர் மேசைக்குப் பக்கமாக வந்தேன். மைக்செட்டம்மா அந்தப் பக்கம் பெண்களோடு கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். மேசைக்கு எதிரே எக்கோ மஞ்சள் உறையோடு படுத்திருந்தது. மைக்செட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், பழக்க தோஷம். செயலாளர் வரவேற்புரை ஆற்ற மைக்கைப் பிடித்தார்.

"பக்தகோடிப் பெருமக்களே" என்றார். அவ்வளவுதான் யாருக்கும் கேட்டது. 'ஊஊய்ய்ங்ங்' என்று ஒரு விசில் கிளம்பியது. அது மாதிரி ஒரு விசிலை என் வாழ்நாளில் கேட்டதில்லை. வேப்பமரத்துக் காக்கைகள் ஊரைவிட்டே கிளம்பின. குழந்தைகள் வீறிட்டன. பூசாரி தீபத்தட்டை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். செயலாளர் மைக்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினார். கூட்டம் முழுவதும் தூக்கையும் வாளியையும் தரையில் வைத்துவிட்டு இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றது.

மைக்செட்டுக்கு அதைப் பார்த்துத்தான் புரிந்தது. எத்தனையோ பேர், எல்லார் காதிலும் விரல். கை திருகுக்குப் போனது. எந்தப் பக்கம் திருகுவதென்று தெரியாமல் நின்றது. எக்கோவைப் பார்த்தார். எக்கோ பாவமாக அவரைப் பார்த்தது. மைக்செட்டு எழுந்து போய் மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும்" என்றார், நாயையே பார்த்தபடி. ஆம்ப்ளிஃபயரில் எக்கோ திருகு அவர் வைத்தபடி உச்சத்திலேயே இருந்தது. "எனக்குக் காது சரியாக் கேக்காது... கேக்காது... கேக்காது. ரொம்ப நாளாச்சு. எக்கோதான் கேட்டுச் சொல்லும். அதுக்கு இப்ப காதுல புண்ணு. நானே ரெண்டு தடவ தொறந்து விட்டு ரத்தம் வர வச்சிட்டேன். இன்னமே மாட்டேன். அதுக்கு ஆறட்டும்... ஆறட்டும்... ஆறட்டும். அதுவரைக்கும் நீங்க வேற ஆளு வச்சுக்குங்க."

அத்தனை வருடத்தில் அந்த மைக்கில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே அறிவிப்பு அது. விசில் அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவரும் காதிலிருந்து விரலை எடுக்கவில்லை. இரண்டு கையிலும் கொதிக்கும் கஞ்சியோடு, காதைப் பொத்த வழியில்லாமல், மேசைக்குப் பக்கத்தில் நின்ற நான் ஒருத்திதான் முழுவதையும் கேட்டேன்.

மைக்செட்டம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு திருகைப் பிடித்துத் திருகினார். விசில் நின்றது. அவ்வளவு பெரிய அமைதி எங்கள் தெருவில் அதற்குமுன் விழுந்ததில்லை. எல்லாரும் மெல்ல விரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மைக்செட்டு நாயிடமிருந்து தலையை நிமிர்த்தினார்.

"என்னாம்மா சொன்னாரு?" என்று செயலாளர் கத்தினார். "ஒரு எழவும் கேக்கலயே!"

மைக்செட்டம்மா என்னைப் பார்த்தார். நான் கஞ்சியைப் பார்த்தேன்.

"கஞ்சி எல்லாருக்கும் இருக்கு, தள்ளாதீங்கன்னு சொன்னாரு" என்றார்.

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான!" என்று செயலாளர் மைக்கை எடுத்து மறுபடியும் பக்தகோடிகளை அழைத்தார். கணவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மைக்செட்டம்மா உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரை திருகு அவர் கையில்தான் இருந்தது. ஒரு விசில்கூட வரவில்லை. ஐந்து வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்குத் தெரியாதா?

இதில் வேடிக்கை என்னவென்றால், மைக்செட்டு தான் சொன்னதை ஊரே கேட்டுவிட்டது என்று நம்பினார். கேட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏளனம் செய்யவில்லை, வேறு செட்டுக்காரரையும் கூப்பிடவில்லை. அன்று வீடு திரும்பும்போது கண் கலங்கி என்னிடம் சொன்னார்.

"நம்ம தெரு சனங்க தங்கம்ங்க மேடம். எவ்வளவு பெரிய விசயத்தச் சொன்னேன், பாருங்க, ஒருத்தராச்சும் மொகம் சுளிச்சாங்களா?"

"இல்லண்ணே" என்றேன். விரல்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு மறைக்க எதுவும் இல்லை. யார் பேசினாலும், "சத்தமாச் சொல்லுங்க, அதான் தெரியும்ல?" என்பார். அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் சத்தமாகச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவுக்கே விஷயம் தெரிந்துபோனது, யாருக்கு எப்போது தெரிந்தது என்று யாருக்கும் தெரியாமலே. செயலாளரும் ஒருநாள் எல்லாம் ஆதியிலிருந்தே தெரிந்தவர் போல, "அவருக்குக் காது எதுக்குங்க? அந்தம்மா இருக்காங்கள்ல" என்றார்.

எக்கோவின் காது ஆறிவிட்டது. நுனியில் சின்ன வெட்டு மட்டும் நின்றது, பஸ் டிக்கெட் கிழித்த மாதிரி. உறையைக் கழற்றிய அன்று மைக்செட்டு அதை ஊருக்கு அறிவித்தார். அதில் எக்கோவின் நலத்துக்கு விழாக் குழு டீ-ஷர்ட் வழங்கிய அன்பர்களுக்கு நன்றியும் இருந்தது. செயலாளர் சுவரில் அந்தப் பொட்டுகள் அடுத்த ஆடி வரை இருந்தன.

இப்போது நான் தஞ்சாவூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். அமைதியான இடம். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. காய்ச்சல் வந்தால் நானே ரசம் வைத்துக் குடிக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மன்னார்குடிக்குப் போன் போடுவேன். மைக்செட்டுதான் எடுப்பார். "ஹலோ, ஹலோ" என்று பழைய பழக்கத்தில் ஊதிப் பார்ப்பார். அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில், நேரில் சொல்லாத ஒன்றைப் போன வாரம் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, உங்களயெல்லாம் மனசு ரொம்பத் தேடுதுண்ணே."

"ஆமாங்க, சாப்புட்டாச்சு" என்றார்.

அவர் போனிலும் சத்தம் உச்சத்தில்தான் இருக்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். பின்னால் மைக்செட்டம்மாவின் குரல் கேட்டது. "சாப்புட்டீங்களான்னு கேக்கலங்க. டீச்சருக்கு நம்மளத் தேடுதாம்!"

பிறகு மொட்டைமாடிக் குழாயில் கனைப்பது போலவே ஒரு கனைப்பு.

"எக்கோவுக்கும் அவங்களத் தேடுதுன்னு சொல்லு" என்றார் மனைவியிடம். மெதுவாகச் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார். செயலாளர் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.